பேர் ஒண்ணுதான், ஆள் வேற

இந்த வாரம் ஒரு லிசனரோட கேள்வி. சின்ன ஸ்டார்ட்அப். இத்தனை நாள் எல்லாரும் லேப்டாப்ல லோக்கல் அக்கவுண்ட்தான் வச்சிருந்தாங்க. இப்போ ஆபீஸ் டொமைன்ல சேர்த்திருக்காங்க. அதே பேர்ல லாகின் பண்ணா டெஸ்க்டாப் காலி. "ஃபைல் எல்லாம் போச்சா?"ன்னு கேக்குறாங்க.

போகல. பதறாதீங்க.

விண்டோஸ் நம்மள பேரை வச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறதில்ல. ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் எஸ்ஐடின்னு ஒரு நீளமான எண் இருக்கு. லோக்கல் அக்கவுண்ட்டுக்கு அதை உங்க கம்ப்யூட்டர் கொடுக்குது; டொமைன் அக்கவுண்ட்டுக்கு ஆபீஸ் சர்வர் கொடுக்குது. ரெண்டுலயும் பேர் 'குமார்'னே இருந்தாலும், விண்டோஸுக்கு அது ரெண்டு ஆள். அதான் புது ஆளுக்குப் புது வீடு. சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தா பழைய 'குமார்' அப்படியே இருக்கும். பக்கத்துலயே டொமைன் பேரை வால் மாதிரி ஒட்டிக்கிட்டு இன்னொரு 'குமார்' இருக்கும்.

அப்போ காப்பி, பேஸ்ட் போதுமா? டாக்குமெண்ட்ஸ், போட்டோஸ் வந்துடும். செட்டிங்ஸ் அப்படி வராது. அது ரெஜிஸ்ட்ரிக்குள்ள இருக்கு, அதோட பெர்மிஷன் எல்லாம் பழைய எஸ்ஐடிக்குத்தான். இதுக்குன்னே டூல்ஸ் இருக்கு. மைக்ரோசாஃப்டோட யூஎஸ்எம்டி, பழைய அக்கவுண்ட்ல இருக்கறதை எடுத்து புது அக்கவுண்ட்டுக்குள்ள கொண்டுபோய் வைக்கும். ஃபாரன்ஸிட்டோட யூசர் ப்ரொஃபைல் விஸார்ட் எதையும் நகர்த்தாது. பழைய வீட்டையே புது ஆள் பேருக்குப் பட்டா மாத்திக் கொடுத்துடும்.

ஆனா பட்டா மாத்தினாலும் திறக்காத பீரோ ஒண்ணு உள்ள இருக்கு. குரோம்ல சேவ் பண்ண பாஸ்வேர்டுகள், இஎஃப்எஸ் போட்டுப் பூட்டின ஃபைல்கள் இதெல்லாம் பழைய அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டை நம்பி என்க்ரிப்ட் ஆனது. சாவி அந்தப் பழைய ஆள்கிட்டதான் இருக்கு. அதனால மாத்துறதுக்கு முன்னாடியே, பழைய அக்கவுண்ட்ல இருந்தபடி பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. இஎஃப்எஸ் சர்டிஃபிகேட்டையும் பேக்கப் எடுத்துக்கோங்க.

முக்கியமா, ஐடி டீம் நண்பர்களே, "பழைய அக்கவுண்ட் எதுக்கு, டெலீட் பண்ணிடலாம்"னு அவசரப்படாதீங்க. அட்மினா உக்காந்து அதோட பாஸ்வேர்டை ரீசெட் பண்ணாலே அந்த பீரோ பூட்டிக்கலாம். ஒரு மாசம் அது சும்மா கிடக்கட்டும். டிஸ்க்ல கொஞ்சம் இடம் போகும், அவ்வளவுதான். ஒருத்தரோட நாலு வருஷ வேலைக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

அடுத்த வாரம் பாப்போம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.