ஊர் பால்வாடியும் காலனி பால்வாடியும்



கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் உள்ள பால்வாடிகளை ஒப்பிட்டுப் பேசும்படி சொன்னீர்கள். ஒப்பீடு என்றால் வழக்கமாக என்ன கேட்பார்கள்? சொந்தக் கட்டடமா, வாடகையா? கழிவறை இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? எடை பார்க்கும் கருவி வேலை செய்கிறதா? எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றோடு நிறுத்திக்கொண்டால் முக்கியமான கேள்வி விடுபட்டுப் போகும். அந்தப் பால்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது? எந்தத் தெருப் பிள்ளை அங்கே வருகிறது, எந்தத் தெருப் பிள்ளை வருவதில்லை?

புவனகிரி, குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் மேட்டில் இருக்கும், காலனி பள்ளத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் பெருகும்போது எந்தப் பால்வாடி வாசலில் முதலில் தண்ணீர் நிற்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பெயரை எடுத்தால் பள்ளம் மேடாகிவிடாது.

நாம் கூடியிருக்கும் இந்தச் சிதம்பரத்தில்தான் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். நம் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. மற்ற பள்ளிகளின் கதவு மூடியிருந்ததால் தனிக் கதவு திறந்தார். நூறாண்டு தாண்டிவிட்டது. இன்று அரசே நடத்தும் முதல் பள்ளிக்கூடம் தெருவுக்கொன்றாகப் பிரிந்து கிடந்தால், அது யார் மூடிய கதவு?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளி செல்லும் வயது வராத கிராமத்துக் குழந்தைகளுக்கும் சோறு கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய 54,000 மையங்கள் இருக்கின்றன. சோறு, சத்துமாவு, முட்டை, தடுப்பூசி, பாட்டு, விளையாட்டு என்று நம் பிள்ளைகளுக்கு இவை செய்திருப்பது கொஞ்சமல்ல. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் ஓர் ஆணை பிறப்பித்தது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை கொடுத்துப் புதிய மையங்களைத் திறக்கச் சொன்னது. 2006 டிசம்பர் 13 அன்று இன்னொரு தீர்ப்பு. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பில் மையம் இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்றது. இது நம் உரிமை. இரண்டு வயதுக் குழந்தையை ஊர்த்தெரு வழியாக ஒரு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போக முடியாது. பக்கத்தில் பால்வாடி வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். காலனியில் பால்வாடி வந்ததும், "உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே" என்று ஊர் சொல்லிவிடுகிறது. உரிமையாகக் கேட்டு வாங்கியது ஒதுக்கி வைப்பதற்குச் சாக்காகிறது. காலனி மையம் வேண்டாம் என்பது இதற்குப் பதில் ஆகாது. காலனியில் இருப்பதும் பொது மையம்தான், ஊர்ப் பிள்ளையும் அங்கே வரலாம், வர வேண்டும் என்பதுதான் பதில். நம் பிள்ளைகள்தான் எப்போதும் ஊருக்குள் போக வேண்டுமா? ஒரு தடவை அவர்கள் இந்தப் பக்கம் நடந்து வரட்டுமே.

அவர்கள் நடப்பதில்லை, வேனில் ஏறுகிறார்கள். காலையில் தனியார் பள்ளி வேன் ஊர்த்தெருவில் வந்து எல்.கே.ஜி. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீடு எல்.கே.ஜி.யிலேயே தொடங்குகிறது, அதற்கான கட்டணத்தை அரசு கொடுக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகளும் சேர்கிறார்கள். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வசதி உள்ளவர்கள் எல்லோரும் வெளியேறிய பிறகு, பால்வாடி என்பது ஏழைத் தலித் பிள்ளைகளின் சோற்றுக்கூடம் என்றாகிவிடும். அப்புறம் கூரை ஒழுகினாலும் கேட்க ஆளிருக்காது.

இதை மாற்ற ஒரு வழி 2019இல் திறந்தது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022 ஜூனில் அதைக் கைவிடப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் தொடர்வதாக அறிவித்தார்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே வளாகத்துக்கு வருகிற வாய்ப்பு அது. ஆனால் ஏறக்குறைய 54,000 மையங்களில் 2,381 என்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

அடுத்தது, சமைப்பது யார்? 2019இல் மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே வலையபட்டி அங்கன்வாடியில் தலித் பெண்கள் இருவர் பணியமர்த்தப்பட்டார்கள். சாதி இந்துக்கள் எதிர்த்ததும் சில நாட்களிலேயே வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சாதி தெரியாது. 'அந்த ஆயா கையால் சாப்பிடாதே' என்று வீட்டில் சொல்லும்போதுதான் தெரிகிறது.

2020இல் நம் மாவட்டத்திலேயே, புவனகிரி அருகே தெற்குத் திட்டையில், தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் படத்தை நாடே பார்த்தது. யார் எங்கே உட்கார வேண்டும் என்ற பாடத்தை அந்த நாற்காலிக்காரர்கள் எந்த வயதில் படித்திருப்பார்கள்? ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி கூசியிருக்கும். அதனால்தான் பால்வாடியைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, ஒவ்வொரு மையத்துக்கும் எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும். இரண்டு, புதிய கட்டடங்கள் இரு தெருவுக்கும் பொதுவான, தண்ணீர் நிற்காத இடத்தில் வர வேண்டும். மூன்று, தலித் ஊழியர் சமைப்பதை எதிர்த்தால் எதிர்த்தவர்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஊழியரை மாற்றக் கூடாது. நான்கு, கிள்ளை, பிச்சாவரம் பகுதி இருளர் குடியிருப்புகளில் தலை எண்ணிக்கை குறைவு என்று சொல்லி ஒரு பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வரும் வாரம் ஒரு நாள், சோறு போடும் நேரத்தில், உங்கள் ஊரின் இரண்டு பால்வாடிகளுக்கும் போங்கள். எத்தனை பிள்ளைகள், எந்தத் தெரு, யார் சமைக்கிறார், எத்தனை பேர் சாப்பிடாமல் வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். அந்தத் தாளோடு கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் அதையும் எழுதுங்கள்.

சகஜானந்தர் தனிக் கதவு திறந்தது, ஒருநாள் எல்லாக் கதவும் திறக்கும் என்ற நம்பிக்கையில்தான். அந்த வேலை இன்னும் மீதி இருக்கிறது. அதை மூன்று வயதிலிருந்தே தொடங்குவோம்.

ஜெய் பீம்.