நூறு ரூபாய் ஊதியம்

பிழைப்புக்கும் தமிழுக்கும் இடையே தவிக்கும் கவிஞர் நிறைந்த இவ்வவை, நாவலர் சோமசுந்தர பாரதியாரை நினைதல் தகும்.

எட்டயபுரத்தில் 1879-இல் பிறந்த அவர், தூத்துக்குடியில் வழக்கறிஞராய் நல்ல வருவாய் ஈட்டியவர். வ.உ.சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தில், மாதம் 100 ரூபாய் ஊதியத்திற்குப் பணியேற்றார். 1908-இல் சிதம்பரனார் சிறை புகுந்தார், நிறுவனமும் நிலைக்கவில்லை. நாவலர் வழக்குமன்றத்திற்கே மீண்டார்.

வருவாய் குறைந்தால் முதலில் அறிவது வீட்டு அடுப்பு. ஒருமுறை பட்டவர் மறுமுறை அஞ்சுவதே இயல்பு. அவரோ 1933-இல் மீண்டும் வழக்குத் தொழிலைத் துறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். தொல்காப்பியப் பொருட்படலத்திற்குப் புத்துரையும் கண்டார்.

முதல் துணிவுக்கு ஆர்வம் போதும். தோற்றபின் வரும் இரண்டாம் துணிவே மனிதரை அளக்கும் கோல்.