‘ஸூன்’ என்னும் சொல்



புலவர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பள்ளியிறுதி வகுப்போடு நின்று, புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ‘ஸூன்’ என்னும் ஆங்கில வினையடையே அது. ‘விரைவில்’ என்று நம் பிள்ளைகளும் பொருள் கூறுவர். ஆயின், பிறந்தபொழுது அதன் பொருள் வேறு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ஸோனா’ என வழங்கிற்று. ‘உடனே, அக்கணமே’ என்பது அதன் பொருள். பின்னர், ‘இன்னும் சிறிது நேரத்தில்’ என்று நெகிழ்ந்தது. ‘இதோ வந்தேன்’ என்று கூறிவிட்டுத் தாமதிப்பது மனித இயல்பன்றோ? சொன்னவர் தாமதித்தனர், காத்திருந்தவர் சொல்லின் பொருளையே குறைத்துக்கொண்டனர்.

‘அனான்’, ‘பிரஸன்ட்லி’, ‘பை அண்ட் பை’ ஆகியனவும் இவ்வாறே தேய்ந்தன. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், ஏரோதின் விருந்தில் ஆடிய பெண் யோவானின் தலையை ‘பை அண்ட் பை’ தருமாறு கேட்கிறாள். இன்றைய பொருளில் படித்தால், மெல்லத் தந்தால் போதும் என்றாகும். அவள் கேட்டதோ அக்கணமே!

பழம்பொருள் முற்றும் மறையவில்லை. ‘ஆஸ் ஸூன் ஆஸ்’ என்னும் தொடரில் ‘உடனே’ என்னும் பொருள் இன்றும் வாழ்கிறது. ‘நோ ஸூனர்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் ‘தான்’ என்னும் ஒப்புமைச் சொல்லே பின்வர வேண்டும். ‘வென்’ வருதல் பிழை. மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க. ‘ஐ வுட் ஸூனர்’ என்னுமிடத்தோ அது காலத்தைக் குறியாது. ‘இதனினும் அதனையே விரும்புவேன்’ என்று விருப்பத்தைக் குறிக்கும்.

வண்டி எப்பொழுது வரும் என்று என் சாளரத்தில் வினவுவோர் பலர். இவ்வூர் மொழி அறியாத நம்மவரும் கைக்குழந்தையோடு வந்து நிற்பர். ‘ஸூன்’ என்று விடையிறுத்தல் எளிது. அதனை நம்பி அவர்கள் தண்ணீர் பிடிக்கவும் நகராமல் நடைமேடையிலேயே நிற்பர். ஆகவே மணியைச் சொல்லுகிறேன். தெரியாவிடில் தெரியாது என்கிறேன்.

அன்பர்களே! ஊரிலிருக்கும் அன்னைக்கு ‘விரைவில் வருகிறேன்’ என்று நாமும் ஆண்டுதோறும் எழுதுகிறோம். அச்சொல்லுக்கு அவள் இப்பொழுது என்ன பொருள் கொள்கிறாளோ! அடுத்த கடிதத்தில் தேதியைக் குறித்து எழுதுவோம். குறித்த நாளில் புறப்படுவோம்.