ஏரிக்கரையில் ஒலித்த பித்தளைக் குழல்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே, இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஊசியிலை மரங்கள் ஓங்கி நிற்கும் இன்டர்லொக்கன் என்னும் இடத்தில், ஜோசப் மாடி என்ற இசையாசிரியர் 1928ஆம் ஆண்டில் ஒரு கோடைகால இசை முகாமைத் தொடங்கினார். முதலாண்டில் வந்து சேர்ந்த மாணாக்கர் 115 பேர். ட்றம்பெற், ஹோர்ண், ட்றொம்போன் முதலிய பித்தளைக் குழல்களைத் தத்தம் பாடசாலைகளில் ஊதிப் பழகிய பிள்ளைகள், பெற்றோரைப் பிரிந்து அங்கே எட்டு வாரங்கள் மரக்குடில்களிலே தங்கினர். முதுமையிலும் அக்கோடையை மறவாதவர் பலர்.

பித்தளைக் குழல் ஊதுபவனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பல வயலின்களுக்கு நடுவே ஒரு வில் பிழைத்தால் கேட்போர் அறியார். ஹோர்ண் ஒரு சுரத்தில் வழுக்கினாலோ அவை முழுவதும் நிமிர்ந்து பார்க்கும். ஓசை பிறப்பது உதட்டின் அதிர்விலே. உதடு களைத்துவிட்டால் எத்துணை விலையுயர்ந்த குழலும் வெறும் உலோகந்தான்.

இத்தகைய பிள்ளைகளுக்கு அம்முகாமில் வாரந்தோறும் ஒரு சோதனை காத்திருந்தது. அடுத்தடுத்த ஆசனத்தில் இருக்கும் இருவர், ஒரே பகுதியை ஒருவர்பின் ஒருவராக வாசிப்பர். ஏனையோர் கண்களை மூடிக்கொண்டு கேட்டு, சிறந்தவருக்குக் கையுயர்த்துவர். தோற்றவர் ஓர் ஆசனம் பின்னே செல்லவேண்டியதுதான். தீர்ப்புச் சொல்பவர் ஆசிரியரல்லர். ஒரே குடிலில் உடனுறங்கும் தோழர்! கொடுமையென்று இதனைக் கடிந்தவர்களும் உளர். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், முகம் பாராது செவிக்கு மட்டுமே மதிப்பளித்த அந்தத் தீர்ப்பை, தோற்றவர்களுங்கூடப் பிற்காலத்தில் வாஞ்சையோடு சொல்லக் கேட்கலாம்.

வானொலி நேயர்களுக்கு உரிய செய்தியொன்றும் இங்குண்டு. முகாமின் இசையரங்குகள் நாடெங்கும் ஒலிபரப்பாகிவந்தன. தொழில்முறை வாத்தியக்காரரின் சங்கத் தலைவரான பெட்ரில்லோ 1942இல் அவ்வொலிபரப்பைத் தடுத்துவிட்டார். ஊதியமின்றி வாசிக்கும் பிள்ளைகளால் தொழிலாளரின் பிழைப்புக் கெடும் என்பது சங்கத்தின் கட்சி. பிள்ளைகளோ குழலைக் கீழே வைத்தாரல்லர். வானலை கிட்டாவிடினும் மரங்கள் கேட்டன அன்றோ!

ஹவார்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பனி 1930இல் அரங்கேறியது. அதிலிருந்து எடுத்த ஒரு சிறு பகுதியே அங்கு அரங்குகளை நிறைவுசெய்யும். அதன்பின் எவரும் கைதட்டமாட்டார். மௌனமாக எழுந்து செல்வர். கோடையின் கடைசி இரவுக்கு உரியதோ லிஸ்ற் இயற்றிய ‘லே பிரெலூட்’. அதன் முடிவிலே, அதுவரை பின்வரிசையில் எண்ணியெண்ணிக் காத்திருந்த பித்தளைக் குழல்கள் யாவும் ஒருங்கே முழங்கும். வாரந்தோறும் ஆசனத்துக்குப் போட்டியிட்ட இருவரும் அன்று ஒரே மூச்சில் ஊதுவர். பின்னர் குழலில் தேங்கிய நீரை வடித்து, துடைத்துப் பெட்டியில் வைத்து மூடும்போதுதான், பொழுது விடிந்தால் பிரியவேண்டுமென்பது அவர்களுக்கு நினைவு வரும்.