கணினிக்குள் ஒரு பறை

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் இல்லை. ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியே வரும் ஓர் ஆர்மோனியம் இருக்கிறது. உங்களில் பலருடைய பள்ளிகளிலும் இதே நிலைதான் இருக்கும். ஆனால் கணினி இருக்கிறது. அதில் மெய்நிகர் இசைக்கருவிகளை மாணவர்கள் வாசிக்கலாம். அதை எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

மெய்நிகர் இசைக்கருவிகளில் பல, உண்மையான கருவியின் ஒலிகளைப் பதிவு செய்து அடுக்கி வைத்தவை. கட்டையை அழுத்தினால், எப்போதோ யாரோ வாசித்த ஒலியைத்தான் மென்பொருள் எடுத்துத் தருகிறது. அந்தப் பதிவை சாம்பிள், அதாவது ஒலிமாதிரி என்கிறோம். எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்பதை எண்களாகச் சொல்லும் முறை மிடி. 1983இல் வந்த அந்த முறையில் இரண்டுக்கும் 127 வரை எண்கள் உண்டு.

பியானோவையும் வயலினையும் இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்தால் மாணவர்கள் பத்து நிமிடம் தட்டிப் பார்ப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். முதல் கருவியை அவர்களே செய்யட்டும் என்பது என் கருத்து.

ஒரு பித்தளைக் குடம் போதும். அதைத் தட்டி, கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, தட்டலுக்கு முன்னால் உள்ள மௌனத்தை வெட்டுங்கள். வெட்டாவிட்டால் ஒலி தாமதமாக வரும். வேவ் கோப்பாகச் சேமித்து, எல்.எம்.எம்.எஸ். மென்பொருளில் உள்ள ஆடியோ ஃபைல் ப்ராசசர் கருவியில் இழுத்துப் போடுங்கள். இரண்டு மென்பொருள்களும் இலவசம். குடத்தின் சுருதி எது என்று ஆர்மோனியத்தில் கண்டுபிடித்து, திரையில் அந்தக் கட்டையைக் குறியுங்கள். இனி கணினி விசைப்பலகையின் எழுத்துகளே ஆர்மோனியக் கட்டைகள்.

அழுத்திய பிறகு ஒலி தாமதித்தால், அமைப்புகளில் பஃபர் அளவைப் பாருங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 256 என்று வைத்தால் அதனால் வரும் தாமதம் சுமார் 6 மில்லிநொடி. 2048 என்றால் சுமார் 46 மில்லிநொடி. பழைய கணினியில் ஒலி உடைந்து கேட்டால் சற்றுக் கூட்டி வையுங்கள்.

இதிலேயே இயற்பியல் பாடமும் இருக்கிறது. ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் அதிர்வெண் இரட்டிப்பாகும், ஒலியின் நீளம் பாதியாகும். குடம் டம்ளராகிவிடும். ஒரு ஸ்தாயி கீழே போனால் அண்டா! ஒரு நல்ல பியானோவுக்கு ஏன் நூற்றுக்கணக்கான பதிவுகள் தேவை என்பது அப்போது தானாகப் புரியும்.

இந்தப் பாடம் நடந்த வாரத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எல்லாரும் போன பிறகு வந்து, "எங்க வீட்ல பறை இருக்கு டீச்சர்" என்றான். அதுவரை வகுப்பில் அவன் அதைச் சொன்னதே இல்லை. சனிக்கிழமை அவனுடைய தாத்தா வந்தார். தீ மூட்டிப் பறையைக் காய்ச்சினார். அடிகுச்சியாலும் சுண்டுகுச்சியாலும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று ஒவ்வொன்றையும் நான்கு முறை அடித்தார். மொத்தம் 24 பதிவுகள்.

மாணவர்கள் ஒரே ஒரு பதிவை எடுத்து, 16 கட்டங்கள் கொண்ட தாள அட்டவணையில் நிரப்பினார்கள். தையல் இயந்திரம் ஓடுவது போல இருந்தது. "தாத்தா ரெண்டு தடவை ஒரே மாதிரி அடிக்க மாட்டாரு" என்றான் பேரன். நான்கு பதிவுகளையும் மாற்றி மாற்றி வைத்தான். சிலவற்றின் ஒலியைக் குறைத்தான். தாளத்துக்கு உயிர் வந்தது. தொழில்முறைக் கருவிகளிலும் இந்தச் சுழற்சி முறை உண்டு. அவனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டில் கேட்ட காது சொன்னது. அடுத்த வாரம் மற்றவர்கள் தங்கள் தாளத்தை அவனிடம் காட்டித் திருத்திக்கொண்டார்கள்.

புறப்படும்போது பெரியவர் கேட்டார்: "இதைப் பிடிச்சு வச்சுக்கிட்டீங்க. இனிமே எங்களைக் கூப்பிடுவீங்களா டீச்சர்?"

நியாயமான கேள்வி. ஒலிமாதிரியைச் சேகரிக்கும் ஒவ்வொருவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூன்று முடிவுகளை அவரிடமே சொன்னேன். கோப்புகளில் அவர் பெயர் இருக்கும். அவரைக் கேட்காமல் பள்ளிக்கு வெளியே போகாது. ஆண்டு விழாவில் கணினி வாசிக்காது, அவர்தான் வாசிப்பார். அதற்குரிய சம்பளமும் உண்டு. எங்களிடம் இருப்பவை 24 அடிகள்தான். அவர் கையில் இருப்பவற்றுக்குக் கணக்கில்லை.

நீங்களும் ஒரு குடத்தோடு தொடங்குங்கள். பிறகு வகுப்பில் கேளுங்கள்: யார் வீட்டில் உடுக்கை, உறுமி, தவில் இருக்கிறது என்று. உடனே கை உயராமல் போகலாம். சில நாள் பொறுத்திருங்கள். வாசிப்பவரை அழைக்கும் முன் அனுமதி, பெயர், சம்பளம் மூன்றையும் தலைமையாசிரியரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.