அங்கே வாக்கு, இங்கே இறப்பர்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுக் கொள்கை என்றால் கொழும்பிலும் வொஷிங்டனிலும் பெரியவர்கள் பேசுகிற விடயம், லயத்தில் இருக்கிற நமக்கு அதில் என்ன என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நம் பாட்டன் பாட்டிமார் வெட்டிய இறப்பர் பால் ஒரு காலத்தில் அமெரிக்காவின் உள்நாட்டு அரசியலில் மாட்டிக்கொண்டது.

1949 இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். அடுத்த வருடம் கொரியாவில் யுத்தம். சீனாவைக் கைநழுவ விட்டவர் ஜனாதிபதி ட்ரூமன்தான் என்று எதிர்க்கட்சி குற்றஞ்சாட்டியது. அரசாங்கத்துக்குள்ளேயே கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருப்பதாகச் சொல்லி செனட்டர் மக்கார்த்தி நாட்டைப் பயமுறுத்தினார். கம்யூனிசத்துக்கு இளக்கம் காட்டுகிறவர் என்று பேர் வாங்கினால் தேர்தலில் வெல்ல முடியாத நிலை. அந்தச் சூட்டில் 1951 இல் 'பேட்டில் சட்டம்' வந்தது. யுத்தத்துக்கு உதவும் பொருளைக் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி இல்லை என்றது அது. இறப்பரையும் அப்படியான பொருளாகவே அமெரிக்கா பார்த்தது.

இங்கே 1952 இல் இறப்பர் விலை விழுந்தது, வெளியிலிருந்து வாங்கும் அரிசியின் விலை ஏறியது. டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் கம்யூனிசத்துக்கு எதிரான அரசாங்கந்தான். ஆனால் பங்கீட்டு அரிசி குறைந்தால் வாக்காளர் சும்மா இருப்பார்களா? சீனாவில் நமது தூதரகம்கூட இல்லாத காலத்தில், டிசம்பர் மாதம் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து வருடங்களுக்கு, வருடம் 270,000 தொன் அரிசி வரும், 50,000 தொன் இறப்பர் போகும் என்பது ஏற்பாடு. இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேலாகச் சீனா கொடுத்தது. அமெரிக்க உதவிக்கான வழி 1956 வரை அடைபட்டுக் கிடந்தது.

ஆக, இரண்டு பக்கமும் அரசாங்கங்கள் பார்த்தது தங்கள் வாக்காளரின் முகத்தை. அங்கே பயந்த வாக்காளர், இங்கே பசித்த வாக்காளர். மரத்தடியில் நின்ற நம்மவர்கள்? 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடத்துத் தேர்தல் சட்டமும் நம்மில் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்திருந்தன. பாலை வெட்டியது நாம். அதை யாருக்கு விற்பது, வந்த இலாபத்தில் கூலிக்கு எவ்வளவு என்று கேட்க நமக்கு வாக்கு இருக்கவில்லை.

இன்றும் விடயம் அதேதான். 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தது. தொழிற்சாலை வேலைகளைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று அங்கே தேர்தலில் கொடுத்த வாக்குறுதி அதன் பின்னால் இருந்தது. ஓகஸ்டில் 20 வீதமாகக் குறைத்தார்கள். இடையில் வேலை போய்விடுமோ என்று கலங்கியவர்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள். நம் லயங்களிலிருந்து போனவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

அமெரிக்க வாக்காளரை நாம் மாற்ற முடியாது. ஆனால் இன்று நமக்கும் வாக்கு இருக்கிறது. இரண்டு வேலைகளை இந்த மாதமே தொடங்குவோம். ஒன்று, பதினெட்டு வயதான ஒவ்வொரு பிள்ளையின் பேரும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று லயம் லயமாகப் பார்ப்போம். இரண்டு, வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சம்பளத்தோடு இதையும் கேட்போம்: தேயிலை, இறப்பர், ஆடை பற்றி வெளிநாட்டோடு பேசப் போகும்போது, முதலாளிமாரைக் கேட்கிற மாதிரி தொழிலாளியையும் கேட்பீர்களா?

பதிலை எழுத்தில் வாங்குவோம்.