ஊசிமுனையில் விழிக்கும் பென் டிரைவ்

கணினியில் செருகியதும் தன் கொள்ளளவைச் சுழி என்று காட்டுகின்ற, அல்லது விற்பனைப் பெயரை மறந்து உள்ளிருக்கும் சில்லின் பெயரைச் சொல்கின்ற பென் டிரைவைச் செத்ததாகக் கருதிப் பலரும் எறிந்துவிடுகின்றனர். ஆனால் ஏதோ ஒரு பெயரைச் சொல்லும் அளவுக்கு அதில் உயிர் எஞ்சியுள்ளது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அக்கருவியில் தரவைச் சேமிப்பது நாண்ட் ஃபிளாஷ் நினைவகம். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் 1987இல் அறிவித்த நுட்பம் அது. தயாராகும்போதே சில பழுதான பகுதிகளைக் கொண்டிருப்பதும், எழுதி அழிக்குந்தோறும் தேய்வதும் அதன் இயல்பாதலால், எப்பகுதி பழுது, எத்தரவு எங்குள்ளது என்று அட்டவணையிட்டுக் காப்பதற்குக் கன்ட்ரோலர் என்னும் மற்றொரு சில்லு தேவைப்படுகிறது. கன்ட்ரோலரை இயக்கும் நிரலாகிய ஃபெர்ம்வேரின் பெரும்பகுதி அதே நாண்டின் ஒதுக்கப்பட்ட மூலையிலேயே எழுதப்பட்டிருப்பதால், தரவு எழுதும் நடுவே டிரைவைப் பிடுங்கும்போது அம்மூலை சிதையக்கூடும்.

எனினும் கன்ட்ரோலருக்குள், அழிக்கவே இயலாதவாறு பொறிக்கப்பட்ட சிறியதொரு தொடக்க நிரலும் உண்டு. ஃபெர்ம்வேர் கிடைக்காதபோது அது விழித்துப் புதியதை யூஎஸ்பி வழியே ஏற்கக் காத்திருக்கும். இந்த முன்னேற்பாடு வியந்து போற்றத்தக்கது. அரைகுறையாகக் கெட்ட ஃபெர்ம்வேர் அதை விழிக்கவிடாமல் தடுக்குமாயின், பழுது நீக்குவோர் மேலுறையைக் கழற்றி, 48 கால்களுள்ள நாண்ட் சில்லின் 29, 30ஆம் தரவுக் கால்களை ஊசிமுனையால் இணைத்தபடியே டிரைவைச் செருகி, கணினி கண்டுகொண்டதும் ஊசியை விலக்குகின்றனர். நினைவகத்தைப் படிக்க இயலாமற்போன கன்ட்ரோலர் தொடக்க நிரலிடமே திரும்புகிறது. எண்ணிக்கை தவறி, மின்னூட்டத்துக்குரிய 12, 13ஆம் கால்களைத் தொட்டுவிடாமலிருக்க உருப்பெருக்கிக் கண்ணாடி உதவும்.

அதன்பின் ஆலைகளில் பயன்படும் எம்பி டூல் என்னும் மென்பொருளால் ஃபெர்ம்வேர் எழுதப்படுகிறது. ஒரே பெயரில் விற்கும் டிரைவுகளில்கூட ஃபைசன், ஆல்கர், சிலிக்கான் மோஷன் என வெவ்வேறு கன்ட்ரோலர்கள் இருப்பதுண்டு. ஆகவே மேலுறையை நம்பாமல், சிப்ஜீனியஸ் போன்ற மென்பொருளாலோ சில்லின் மேலுள்ள எழுத்துகளாலோ மாதிரியை அறிந்து, அதற்குரிய டூலையே தேர வேண்டும்.

இப்பணி அட்டவணைகளைப் புதிதாக்கிப் பழைய தரவை முற்றிலும் அழித்துவிடும். ஆதலால் உள்ளே திருமணப் படங்களோ ஆய்வேடோ இருப்பின் முதலில் தரவு மீட்பவரை நாடுவதே முறை. இழக்க ஏதுமில்லாத டிரைவை வைத்திருக்கும் நேயர்கள், எறிவதற்கு முன் ஒருமுறை ஊசியைக் கையிலெடுப்பார்கள் என்று நம்பலாம்.